பாய்மரக் கப்பலில் ஒரு வாரம், கிரெனடா பக்கம்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வைகைக்கரை:

வணக்கம். நாங்கள் டொராண்டோவில் பதினோரு வருடமாக இருக்கிறோம். போன வருடம் ஒரு பெரிய க்ரூஸ் கப்பலில் கரீபியன் போய் வந்தோம். சாப்பாடு, நீச்சல்குளம், ஆட்டம் பாட்டம் எல்லாம் நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு நாளில் கடல் தண்ணீரில் கால் வைத்தது மொத்தம் இரண்டு மணி நேரம்தான். பதினாலாவது மாடியில் அறை. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கடல் எங்கோ கீழே கிடந்தது, அலைச் சத்தம்கூட மேலே வரவில்லை. கரையில் இறங்கினால் நம்மோடு நாலாயிரம் பேர் இறங்குகிறார்கள், அந்தச் சின்ன ஊர் என்ன செய்யும் பாவம்.

இந்த முறை வேறு மாதிரி போகலாம் என்று ஆசை. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார், இருபது முப்பது பேர் மட்டும் போகிற பாய்மரக் கப்பல் இருக்கிறதாம், கிரெனடாவில் ஏறினால் காரியாக்கூ, யூனியன் தீவு, டொபாகோ கேஸ், பெக்வே என்று தீவு தீவாகப் போய்வரலாமாம், நேரத்துக்கு உடை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போகிற வேலையெல்லாம் கிடையாதாம், வாரம் முழுக்க வெறுங்கால்தானாம். கேட்டதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, பதினைந்து வயது மகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68, மூட்டு வலி உண்டு, ஆனால் நடப்பார். மனைவி சுத்த சைவம். செப்டம்பரில் போனால் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதையே எடுத்துவிடலாமா? இன்னொன்று, பாய் உண்மையிலேயே விரிப்பார்களா, இல்லை படம் எடுக்க ஏற்றிவிட்டு இன்ஜினில்தான் போவார்களா? போனவர்கள் இருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

ஈரப்பலா:

தம்பி, நானும் கணவரும் மாமியும் 2023 மாசியில் போய் வந்தோம். நாங்கள் ஸ்காபரோ. ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, அங்கே இறங்கினால் ஊரில் சித்திரை மாதத்து வெயில். இரண்டு பாய்மரம் உள்ள ஸ்கூனர், பயணிகள் 22 பேர், வேலை செய்கிற பிள்ளைகள் ஒன்பது பேர். முதல் நாள் இரவு ஒருவருக்கும் ஒருவரைத் தெரியாது, மூன்றாம் நாள் எல்லாரும் ஒரு வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டோம். சாப்பாட்டு மேசை ஒன்றே ஒன்றுதான், அதனால் கதைக்காமல் இருக்கவே ஏலாது.

பாயைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கப்பலில் நாங்களே இழுத்தோம். யாரையும் வற்புறுத்தவில்லை, விருப்பமானவர்கள் வரலாம் என்றார்கள், வந்தது பதினாறு பேர். கயிறு என் மணிக்கட்டுத் தடிப்பு. எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம் நின்று, ஒருவர் சொல்லச் சொல்ல இழுக்க வேண்டும். பாதி வரை லேசாக ஏறுகிறது, அதற்குப் பிறகு பாயின் பாரம் முழுக்கக் கையில் இறங்கும். பாய் மேலே போய்க் காற்றைப் பிடித்த உடனே இன்ஜினை நிறுத்தினார்கள். அந்த நிமிசத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதுவரை காலுக்குக் கீழே இருந்த நடுக்கம் நின்று, தண்ணீர் பலகையில் உரசிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றா. உள்ளங்கை இரண்டும் இரண்டு நாள் எரிந்தது, மெல்லிய கையுறை ஒன்று கொண்டு போங்கள்.

இப்ப உங்கள் அம்மாவின் விசயம். இதைத்தான் வடிவாக யோசிக்க வேண்டும். கப்பல் கரையைத் தொடாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு ரப்பர் படகில் கொண்டுபோய் விடுவார்கள். கப்பலின் பக்கத்தில் ஏணி தொங்கும், எங்களுடையதில் ஏழு படி. கடைசிப் படியில் நிற்கும்போது கீழே படகு அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு தரம் முழங்கால் அளவுக்கு மேலே வரும், அடுத்த தரம் இரண்டு அடி கீழே போய்விடும். மேலே வருகிற கணத்தில் காலை வைக்க வேண்டும். படகில் நிற்கிற பிள்ளை முழங்கைக்கு மேலே பிடிப்பான், நாங்களும் அவன் முழங்கைக்கு மேலே பிடிக்க வேண்டும், விரலைப் பிடித்தால் வழுக்கும். மாமிக்கு அப்ப 64. முதல் நாள் அழுதுவிட்டா, நான் கப்பலிலேயே இருக்கிறேன் என்றா. அந்தப் பிள்ளை கிரெனடாக்காரன், அவசரப்படுத்தவே இல்லை, "அம்மா, நான் சொல்லும்போது மட்டும்" என்று நாலு அலையை விட்டுவிட்டு ஐந்தாவதில் இறக்கினான். நாலாம் நாள் மாமி எங்களுக்கு முதல் இறங்கி உட்கார்ந்திருந்தா. ஆனால் மாமிக்கு முழங்கால் நல்ல முழங்கால். கரையிலும் சில இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில்தான் குதிக்க வேண்டும், இறங்குதுறை இல்லை.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு சமையல்காரர், அதனால் இரண்டு மாதத்துக்கு முதலே எழுதிச் சொல்லிவிடுங்கள், கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் சோறும் சலாட்டும்தான் கிடைக்கும். அங்கத்தைய சாமான் எல்லாம் எங்கள் சாமான். சேம்பிலைக் கீரையைத் தேங்காய்ப் பாலில் அவித்து கலலூ என்று தருவார்கள். ஈரப்பலா, வாழைக்காய், துவரை, மஞ்சள் எல்லாம் உண்டு. கிரெனடாவின் தேசிய உணவு ஒயில் டவுன் என்பது ஈரப்பலாவைத் தேங்காய்ப் பால் வற்றும் வரை மஞ்சளோடு அவிப்பது. வழமையாக உப்பிட்ட இறைச்சி போடுவார்கள், சொன்னால் போடாமல் தனியாக ஒரு சட்டியில் வைத்துத் தருவார்கள். முதல் வாய் வைத்தபோது அம்மம்மாவின் நினைவு வந்தது எனக்கு. இந்தப் பெயரைப் புனைபெயராக வைத்ததே அதற்குப் பிறகுதான்.

பழைய_போசன்:

தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் 26 வருடம், அதற்கு முன் சின்ன வயதில் அப்பாவோடு தோணியில். பாய் என்றால் எனக்கு எழுதாமல் இருக்க முடியாது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

தம்பி செப்டம்பரை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதிலும் உச்சம் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. கிரெனடா தெற்கே இருக்கிறது, புயல் அவ்வளவாக வராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் அடித்து அந்தத் தீவில் பத்து வீட்டில் ஒன்பது வீடு சேதமானது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நேராக காரியாக்கூ மேலேயே ஏறியது, காரியாக்கூ, பெத்தி மார்ட்டினிக், யூனியன் மூன்றிலும் கூரை தப்பிய வீடு குறைவு. நீங்கள் போக நினைக்கிற அதே பாதை. ஜூலை முதல் தேதியிலேயே இந்த அடி என்றால் செப்டம்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மாலுமி பக்கத்து விஷயம் ஒன்று இருக்கிறது, பயணம் போகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஃபேன்டோம் என்று நான்கு பாய்மரம் உள்ள ஒரு கப்பல், 1927-இல் கட்டியது, இதே மாதிரி வெறுங்கால் விடுமுறைப் பயணத்துக்கு ஓடியது. 1998 அக்டோபரில் மிட்ச் புயல் வந்தபோது பயணிகளை பெலீஸ் நகரத்தில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். கப்பலைப் புயலிடமிருந்து தப்பவைக்க மாலுமிகள் மறுபடி கடலுக்குள் கொண்டுபோனார்கள். புயல் திசை மாறி அவர்கள் பக்கமே வந்தது. 31 பேர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்த 31 பேரும் பாய் ஏற்றி, சமையல் செய்து, ஏணியில் கைப்பிடித்து இறக்கிவிட்ட பிள்ளைகள்தான். அதனால் புயல் காலத்திலும் அந்தக் கடலில் பயணிகளை ஏற்றுகிற கம்பெனிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். நல்ல கம்பெனி அந்த மாதங்களில் கப்பலைத் தெற்கே கொண்டுபோய் வைத்துப் பழுது பார்க்கும்.

சரி, காற்று. டிசம்பரிலிருந்து மே வரை அங்கே நம் கடற்கரைப் பேச்சில் கொண்டல், கிழக்குக் காற்று. கிறிஸ்துமஸை ஒட்டிச் சில வாரம் வாடைக்காற்று, அதாவது வடக்குக் காற்று கலந்து பலமாக அடிக்கும், அங்குள்ளவர்கள் அதற்குக் கிறிஸ்துமஸ் காற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தீவுகளோ தெற்கு வடக்காகச் சங்கிலி மாதிரி கிடக்கின்றன. ஆக காற்று கப்பலின் பக்கவாட்டில் வரும், பாய்க்கு அதைவிடச் சுகமான காற்று இல்லை. வேகமும் வரும், ஆட்டமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தச் சங்கிலி நேர் வடக்கு இல்லை. கிரெனடாவிலிருந்து காரியாக்கூ போகிற வழி வடகிழக்காகச் சாய்கிறது. அப்போது காற்று முகத்துக்கு வரும், நீரோட்டமும் மேற்கே தள்ளும். எந்தப் பாய்மரக் கப்பலும் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது, நீளவாக்கில் பாய் கட்டிய ஸ்கூனர் பரவாயில்லை, குறுக்கு மரத்தில் பாய் கட்டிய கப்பலுக்கு இன்னும் கஷ்டம். மாறி மாறிக் கோணல் பிடித்து ஏறலாம், ஆனால் அரை நாள் வேலை ஒரு நாள் ஆகும், மாலைக்குள் நங்கூரம் போட வேண்டும் என்றால் கேப்டன் இன்ஜினைத்தான் போடுவார். வடக்கே போகும்போது இன்ஜின், தெற்கே வரும்போது பாய், இது ஏமாற்று இல்லை. உங்களுக்குப் பாயில் போவதுதான் முக்கியம் என்றால் வடக்கே ஏறித் தெற்கே இறங்குகிற பயணம் கிடைக்கிறதா என்று கேளுங்கள், பெக்வேயில் ஏறி கிரெனடாவில் இறங்குகிற மாதிரி. அப்போது வாரம் முழுக்கப் பாய்தான்.

பணம் கட்டுமுன் இன்னொரு கேள்வி. 12 பயணிகளுக்கு மேல் ஏற்றுகிற கப்பல் சர்வதேசக் கடல் பயணத்தில் பயணிகள் கப்பல் என்ற கணக்கில் வரும், உயிர்காப்புப் படகு, தீயணைப்பு, தடுப்புச் சுவர் என்று விதிகள் கடுமை. 12-க்குள் என்றால் வேறு விதி, தவறு இல்லை, ஆனால் எந்தக் கொடியில் பதிவு, கடைசிச் சோதனை எப்போது என்று எழுதிக் கேளுங்கள். ஒழுங்கான ஆட்கள் இரண்டு நாளில் பதில் போடுவார்கள்.

போகிற வழியில் கிரெனடாவுக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் கடலுக்கு அடியில் ஒரு எரிமலை இருக்கிறது, கிக் எம் ஜென்னி என்று பெயர். அதைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் எந்தக் கப்பலும் போகக் கூடாது. வரைபடத்தில் அந்த வட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், மகளுக்குப் பிடிக்கும்.

மழைக்குருவி:

அம்மாவை விட்டுவிட்டுப் போக மனசு வராது என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. நாங்கள் அப்பா அம்மாவோடு ராயல் கிளிப்பரில் பார்படோஸில் ஏறிப் போனோம். ஐந்து பாய்மரம், 42 பாய், 227 பயணிகள். 2000-ஆம் ஆண்டு வந்த கப்பல், 1902-இல் ஜெர்மனியில் கட்டிய ப்ராய்சன் என்ற கப்பலைப் பார்த்து வடிவமைத்தது. நீங்கள் தேடுகிற முப்பது பேர் கணக்கு இது இல்லை, ஆனால் ஐந்தாயிரம் பேர் கப்பலோடு ஒப்பிட்டால் இது சின்னத் தெரு. படிகள் அகலம், இறக்கிவிடும் படகும் பெரிது, அப்பாவுக்குச் சிரமம் இல்லை. லிஃப்ட் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மகள் வருவதால் சொல்கிறேன், கப்பலின் முன்மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குக் கீழே வலை கட்டியிருப்பார்கள், அதில் படுத்துக்கொள்ளலாம். என் தம்பி அதிலேயே குடியிருந்தான். குப்புறப் படுத்தால் முகத்துக்கு நேர் கீழே கடல், கப்பல் அலையைக் கிழிக்கிற இடம். ஒரு காலை மூன்று டால்பின் சேர்ந்து வந்தன, அவை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கரையோரம்99:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள், எனக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு நாள் பயணத்தில் எங்களுக்குப் பாய் விரித்தது ஒரே ஒரு மதியம். ஆட்கள் போதவில்லை, ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்தார்கள், அவர்கள் களைப்பைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எங்கள் அறை இன்ஜினை ஒட்டி, இரவெல்லாம் சூடும் டீசல் வாடையும். நான்கு இரவு மேல்தளத்தில்தான் தூங்கினோம், அது நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம், ஆனால் கொடுத்த காசு அறைக்குத்தானே. அதனால் போசன் ஐயா சொன்னதோடு, மாலுமி எத்தனை பேர், நம் அறை இன்ஜினிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நடுவில், கீழே இருக்கிற அறைதான் ஆட்டம் குறைவு.

தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, புறப்படுமுன்பே போட வேண்டும். செயின்ட் வின்சென்டுக்கும் பெக்வேவுக்கும் நடுவே உள்ள கால்வாய் அகலம் குறைவுதான், ஆனால் அட்லாண்டிக் அலை முழுக்க அந்தச் சந்தில்தான் நுழையும். அங்கே கீழே அறைக்குள் இருக்காதீர்கள், மேலே வந்து கரையைப் பார்த்தபடி நில்லுங்கள்.

வைகைக்கரை:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. ஃபேன்டோம் பற்றிப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன், செப்டம்பர் பேச்சு அதோடு முடிந்தது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் என்று முடிவு செய்துவிட்டோம், காசு கூடத்தான், இரண்டு மாதம் சேர்த்துக்கொள்கிறோம்.

ஈரப்பலா அக்கா, ஏணி விஷயத்தை அம்மாவிடம் நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று இரண்டு அடி கீழே காலை வைத்துப் பார்த்தார், வலது முழங்கால் தாங்கவில்லை. அவரே சொன்னார், நீங்கள் மூன்று பேரும் போங்கள், நான் தங்கை வீட்டில் இருக்கிறேன் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. மழைக்குருவி சொன்ன பெரிய பாய்மரக் கப்பலா, சின்னதா என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரில் புயலுக்குப் பிறகு அந்தத் தீவுகளுக்குப் போவது சரியா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் நடுவே வேடிக்கை பார்க்கப் போவது போல் ஆகிவிடக் கூடாது.

ஈரப்பலா:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. பெரிய கப்பலிலேயே போங்கள். அவ இல்லாமல் போனால் நீங்கள் ஒவ்வொரு தீவிலும் அம்மா பார்த்தால் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு நிற்பீர்கள். சின்னக் கப்பல் எங்கேயும் போகாது, நீங்களும் மனைவியும் பிறகு ஒரு தரம் போகலாம்.

தீவுக்குப் போவது பற்றி: எங்களோடு வந்த அந்தக் கிரெனடாப் பிள்ளையோடு இப்பவும் போனில் கதைப்போம். பெரிலுக்குப் பிறகு அவன் சொன்னது, கப்பல் வராமல் விட்டால்தான் எங்களுக்குக் கஷ்டம் என்று. ஆனால் காசு கப்பலிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டொபாகோ கேஸ் கடற்பூங்காவில் பாரடால் என்ற குட்டித் தீவின் ஓரத்தில் கடலாமைகள் புல் மேயும், தள்ளி நின்று பாருங்கள், தொட வேண்டாம். பக்கத்திலேயே படகுக்காரர்கள் மீனும் சிங்கறாலும் சுட்டு விற்பார்கள், அங்கே சாப்பிடுங்கள். காரியாக்கூவில் விண்ட்வர்ட் என்ற ஊரில் கரையிலேயே மரக்கலம் கட்டுவார்கள், தலைமுறை தலைமுறையாகச் செய்கிற தொழில், யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள். கிரெனடாவிலும் அதற்கு வடக்கே உள்ள கிரெனடீன்ஸ் குட்டித் தீவுகளிலும் ஒரே காசு, கிழக்குக் கரீபியன் டொலர், ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70. சில்லறை நோட்டாக மாற்றி வைத்திருங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், சுருட்டி வைக்கிற துணிப் பை. மகளிடம் இராணுவப் புள்ளி போட்ட உடுப்பு இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பார்படோஸ், கிரெனடா, செயின்ட் வின்சென்ட் எல்லா இடத்திலும் அது சட்டப்படி தடை. கடற்கரையில் பச்சை அப்பிள் மாதிரிச் சின்னப் பழம் விழுந்து கிடக்கும், மன்சினீல் மரம், நஞ்சு. சில இடத்தில் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். மழை பெய்தால் அதற்குக் கீழே ஒதுங்கவே கூடாது, இலையில் வழிகிற தண்ணீரே தோலைப் பொசுக்கும்.

பழைய_போசன்:

அக்கா சொன்னதே என் கருத்தும். செயின்ட் வின்சென்டில் இறங்கினால் கிங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் இந்தியன் பே என்று ஒரு கடற்கரை இருக்கிறது, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். 1861 ஜூன் 1 அன்று ட்ராவன்கோர் என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியை அங்கே இந்தியர் வந்த நாளாக நினைவுகூர்கிறார்கள். மெட்ராஸிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்திருப்பார்கள், பாதிப் பேருக்கு எந்த ஊருக்குப் போகிறோம் என்றே தெரிந்திருக்காது. நான் 1994-இல் கிங்ஸ்டவுனில் சரக்கு இறக்கும்போது ஒரு மாலை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மணல் மங்கலான பொன் நிறம், அலை சின்னது, சின்னப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தத் தேதி எடுக்கிறீர்கள் என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், அந்த வாரத்துக் காற்று எப்படி இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.